ரிப் பிளேடுக்கு ஒரு தமிழ்ச் சொல்: நெடுக்குவெட்டா, பிளவா, ஈர்வா?

கோயம்புத்தூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

மேசை ரம்பக் (டேபிள் சா) கையேட்டில் 'ரிப் பிளேடு', அதாவது பலகையை நார் ஓடும் வாக்கில் நெடுக அறுக்கும் வட்டு, அதற்கான தமிழ்ப் பெயரின் இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. நெடுக்குவெட்டு அலகு, பிளவுவாள், கிழிவட்டு என்று மூன்று பரிந்துரைகள் வந்துவிட்டன. கிழிவட்டை முதலிலேயே தள்ளிவிடுகிறேன், எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆங்கில அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்தது போல இருக்கிறது. துணிக்கடைக்குப் பொருந்தும், மரப்பட்டறைக்குப் பொருந்தாது. மற்ற இரண்டையும் எடைபோட வேண்டுமானால், அந்த வட்டு மரத்துக்குள் போய் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பலகையைக் குறுக்கே அறுக்கும்போது நார்கள் எல்லாம் பல்லுக்கு எதிரே குறுக்காகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் சுத்தமாகத் துண்டிக்காவிட்டால் ஓரம் சிலும்பும். அதனால்தான் குறுக்கு வேலைக்கான 10 அங்குல வட்டில் 60 முதல் 80 பற்கள் வரை வைக்கிறார்கள். நுனிகளையும் ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சாய்த்துத் தீட்டியிருப்பார்கள். நெடுக அறுப்பது வேறு வேலை. இங்கே பல் உளியைப் போல நாரின் முனையைப் பிடித்துப் பெயர்த்துக்கொண்டு போகிறது. தூளோடு நீளமான சீவலும் வரும். பல் மரத்தை விட்டு வெளியே வந்து உதறும் வரைக்கும் அந்தச் சீவல் தங்குவதற்கு இடம் வேண்டும். ஆகவே பற்கள் குறைவு, 24 அல்லது 30 இருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமான குழி. நுனி சாய்வில்லாமல் தட்டையாக இருக்கும். பல்லின் முகம் ஏறத்தாழ 20 பாகை முன்னோக்கிச் சாய்ந்து மரத்தைக் கொக்கி போட்டு இழுக்கும்.

பல் கூடினால் வெட்டு நயமாக வரும் என்று நம்பி, 60 பல் வட்டை மாட்டிக்கொண்டு இரண்டு அங்குல வேங்கைக் கட்டையோடு போராடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. கணக்கைப் போட்டுப் பாருங்கள். வட்டு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றுகிறது, கட்டையை நிமிடத்துக்கு 3 மீட்டர் தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 24 பல் என்றால் ஒரு பல்லின் பங்குக்கு 0.03 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மரம் கிடைக்கும். 60 பல் என்றால் 0.0125 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய சீவலைப் பல்லால் பிடிக்க முடியாது, தேய்த்துக்கொண்டு ஓடும். தேய்த்தால் சூடு, சூட்டில் மரத்தின் ஓரம் கருகும், வட்டின் தகடு விரிந்து நெளியும், நெளிந்த தகடு இன்னும் தேய்க்கும். இது போதாதென்று இரண்டு அங்குலக் கட்டைக்குள் ஒரே நேரத்தில் ஆறு பற்கள் சிக்கியிருக்கும். 24 பல் வட்டில் இரண்டோ மூன்றோதான். மோட்டார் முனகுவதில் வியப்பில்லை.

இனி சொல்லுக்கு வருகிறேன். 'நெடுக்குவெட்டு அலகு' தவறில்லை, ஆனால் நீளம். அதன் மேல் பல்லிடைக்குழி, பல்லின் சாய்வு எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும், வண்டி தாங்காது. 'பிளவு' எனக்கு ஒப்பவில்லை. கோடரியால் பிளந்தால் பிளவு நார் போன வழியே போகும். முறுக்கு மரமானால் பலகையும் முறுக்கிக்கொண்டு வரும். மேசை ரம்பத்தில் பலகை 'கைடு' என்ற பக்கவாட்டு வழிகாட்டிச் சட்டத்தை ஒட்டியே போகிறது, நார் எந்தப் பக்கம் வளைந்தாலும் வெட்டு நேராகத்தான் வரும். மரம் தன் போக்கில் பிரிவதும் நாம் பிரிக்கிற கோட்டில் பிரிவதும் ஒன்றல்ல.

என் பரிந்துரை ஈர்தல். ஈர்வாள் என்பது ரம்பத்துக்கே பழைய பெயர், அகராதிகளில் இருக்கிறது. 'உயிர்ஈரும் வாள்' என்று குறள் 334 சொல்வதும் இந்த வினைதான். ஒரு கொடுவாள் வெட்டு போல ஒரே வீச்சில் முடியாமல், நாள் நாளாக அறுத்துக்கொண்டே போவது. ஆகவே நெடுக அறுப்பது ஈர்வட்டு, குறுக்கே துண்டு போடுவது தறிவட்டு. மரத்தைத் தறிப்பது என்ற பேச்சு இன்னும் புழக்கத்தில் இருப்பதால் இரண்டாவதற்கு விளக்கம் தேவைப்படாது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

தம்பிக்கு வணக்கம். தறிவட்டுக்கு என் ஒப்புதல் உண்டு. நம் பக்கத்தில் தறி என்றால் நெசவுத் தறிதான் முதலில் நினைவுக்கு வரும், சென்னிமலைக்காரர் சிரிப்பார், இருக்கட்டும்.

ஈர்வட்டுதான் இடிக்கிறது. 'ஈர்' என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் புவியீர்ப்புக்குப் போய்விடுவார்கள். காந்தம் பூசிய வட்டு என்று நினைத்தாலும் நினைப்பார்கள். இலக்கணத்தில் இரண்டும் வேறு என்று எனக்குத் தெரியும். அறுக்கும் ஈர் மெல்வினை: ஈர்ந்தான், ஈர்வான். இழுக்கும் ஈர் வல்வினை: ஈர்த்தான், ஈர்ப்பான். நாற்பது வயது ஆசாரியிடம் போய் வல்வினை மெல்வினை என்று பாடம் எடுக்க முடியுமா?

வகிர்தலை யோசித்தீர்களா? தலைவகிடு தெரியாதவர் யாரும் இல்லை. ஒன்றை நெடுக இரண்டாக்கும் பொருள் சொல்லிலேயே நிற்கிறது. வகிர்வட்டு.

காங்கேயத்திலிருந்து:

வணக்கமுங்க. நான் மரம் அறுக்கிற மில் வைத்திருப்பவன், தமிழ் படித்தவன் இல்லை. தப்பாக இருந்தால் ஐயா திருத்திக்கொள்ளுங்க.

எங்கள் ஆள்கள் நெடுக்கு என்று சொல்ல மாட்டார்கள். 'நீட்டுக்கு அறு', 'குறுக்கே துண்டு போடு', இந்த இரண்டுதான். கடையில் போய்க் கேட்கும்போது அதுவும் கிடையாது. 'பத்து இன்ச்சு, இருபத்திநாலு பல்லு', அவ்வளவுதான். நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் பல் கணக்கை அதன் பக்கத்திலேயே போட்டுவிடுங்க. துளை அளவையும் போடுங்க. 25.4 மில்லிமீட்டர் துளையும் வருகிறது, 30 மில்லிமீட்டரும் வருகிறது. மாற்றி வாங்கிக்கொண்டு வந்து தகரத்தைச் சுற்றி அடைத்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வட்டு மையம் தள்ளி ஓடினால் ஒரு பக்கப் பல்தான் வேலை செய்யும்.

இன்னொன்று, 'கடின மரம்' என்று கையேட்டில் எழுதியிருப்பது எதை? முந்தின மடலில் ஒருவர் இலை அகன்ற மரமெல்லாம் கடின மரம் என்று விளக்கம் போட்டிருந்தார். அப்படியானால் முருங்கையும் இலவமும் கடின மரம் ஆகிவிடும். ஆணி அடித்தால் கையாலேயே பிடுங்கலாம். எங்களுக்குச் சிரமம் கொடுக்கிறது கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வெள்வேல், கருவேல், புளி, வைரம் பாய்ந்த வேம்பு. அந்தக் காலத்தில் வண்டிச் சக்கரத்துக்கு என்று பார்த்து எடுத்த கட்டைகள். தேக்கு அந்த அளவுக்கு இறுக்கம் இல்லை, ஆனால் பல்லைத் தின்றுவிடும். ஸ்டீல் பல்லாக இருந்தால் அரத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்க. மார்பிள் கட்டரைப் பலகைக்கு அடியில் கவிழ்த்துக் கட்டி, நாலு இன்ச்சு மர பிளேடு மாட்டி, அதையே டேபிள் சா என்று சொல்லி நீட்டுக்கு அறுக்கிற பழக்கம் எல்லா ஊரிலும் வந்துவிட்டது. வட்டுக்குப் பின்னால் பலகையைப் பிரித்துப் பிடிக்கிற தகடு அதில் இல்லை, மேலே மூடியும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து:

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி.

முதலில் கடின மரம். அண்ணா சொல்வதுதான் சரி. ஆங்கிலத்தில் அது தாவரவியல் பிரிவு. ஊசியிலை மரங்கள் ஒரு பக்கம், அகன்ற இலை மரங்கள் ஒரு பக்கம். அதிலே பால்சா மரமும் 'ஹார்ட்வுட்' கணக்கில்தான் வரும், அது தக்கையை விட லேசு. வட்டு தேர்ந்தெடுப்பவனுக்கு இந்தப் பிரிவால் ஒரு பயனும் இல்லை. கையேட்டில் 'வைரமரம்' என்று மாற்றிவிடலாம். சேகு ஏறி இறுகிய மரம் என்று எல்லோருக்கும் புரியும். தேக்குக்குத் தனியாக ஒரு வரி வேண்டும்: அதன் உடம்பிலேயே மணல் சத்தாகிய சிலிக்கா இருக்கிறது, இறுக்கத்தைவிட அதுதான் பல்லை மழுக்குகிறது. ஆனைமலைத் தேக்கோ வேறெதுவோ, கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்த பல் இல்லாமல் தொடக்கூடாது. தென்னம்பலகைக்கும் இதே எச்சரிக்கை. பொள்ளாச்சிப் பக்கம் இப்போது அது நிறைய அறுபடுகிறது. வெளிவட்டம் இரும்பு போலவும் உள்ளே சோறாகவும் இருப்பதால் ஒரே தள்ளு வேகத்தில் போக முடியாது.

கார்பைடு பல்லை நம் லேத்துப் பட்டறைகளில் விடியா என்கிறார்களே, அது 1920களில் ஜெர்மனியின் க்ரூப் (Krupp) நிறுவனம் வைத்த வணிகப் பெயர். 'வைரம் போல' என்பதற்கான ஜெர்மன் சொற்களைச் சுருக்கியது. வைரமரத்துக்கு விடியாப் பல் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கையேட்டுக்குள் வேண்டாம், கார்பைடு என்றே இருக்கட்டும்.

வகிர்வட்டு. ஐயா, இதை நான் பலமுறை உச்சரித்துப் பார்த்தேன். பொருள் பொருந்துகிறது. ஆனால் ர்-க்குப் பிறகு வகரம் வந்து நாக்கு தடுக்குகிறது என்பது ஒரு பக்கம் (ஈர்வட்டிலும் அதுதான், ஒத்துக்கொள்கிறேன், அங்கே நெடில் கொஞ்சம் காப்பாற்றுகிறது). முக்கியமான தடை வேறு. வகிர்வது கத்தியால் கோடு போட்டுப் பிரிப்பது, அதில் பொருள் எதுவும் வீணாவதில்லை. ரம்பம் ஒரு பட்டை மரத்தைத் தூளாக்கித் தின்றுவிட்டுத்தான் இரண்டாக்குகிறது. வழக்கமான வட்டு தின்பது 3.2 மில்லிமீட்டர், மெலிந்த வட்டு 2.4. அதாவது கால்வாசி மிச்சம். ஈட்டி மரத்தில் வேலை செய்பவருக்கு அது காசு, சின்ன மோட்டார் வைத்திருப்பவருக்கு மூச்சு. அந்தத் தடத்துக்கும் பெயர் வைக்க வேண்டும். ஈர் என்றால் 'ஈர்தடம்' என்று உடனே கிடைக்கிறது. வகிர் என்றால் வகிடு, அது வெறும் கோடு.

காந்தக் குழப்பம் பற்றி: 'ஈர்ப்பு' என்று எங்கேயும் எழுதாமல் இருந்தால் போதும். பெயர்ச்சொல் ஈர்வு, வினை ஈர்தல், இறந்தகாலம் 'ஈர்ந்த பலகை'. வல்வினை வடிவம் ஒன்றுகூடக் கையேட்டில் நுழையாதபடி நானே பார்த்துக்கொள்கிறேன். ஆசாரிக்கு இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை. படத்துக்குக் கீழே 'ஈர்வட்டு, நீட்டுக்கு அறுக்க, 24 பல்' என்று அண்ணா சொன்ன பேச்சுச் சொல்லையே சேர்த்துப் போட்டுவிடுவோம். 40 பல் வட்டு பொதுவட்டு. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு, ஒரு அங்குலப் பலகை வரை அது இரண்டு வேலைக்கும் சுமாராக ஈடுகொடுக்கும். அதற்கு மேல் கனமான வைரமரம் என்றால் ஈர்வட்டுதான், சமாதானம் சொல்ல இடமில்லை. பல்லிடைக்குழி, முன்சாய்வு, தட்டைப்பல், மாறுசாய்வுப்பல் ஆகியவற்றுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, எடுத்துக்கொள்கிறேன்.

மார்பிள் கட்டர் எச்சரிக்கையை முதல் பக்கத்துக்கே கொண்டுபோகிறேன். நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் 10 அங்குல வட்டின் விளிம்பு மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அறுபட்ட பிறகு மரத்தின் உள்ளிறுக்கம் தளர்ந்து ஈர்தடம் மூடிக்கொண்டால், வட்டின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே எழுந்து வரும்போது பலகையைக் கவ்வித் தூக்கி, அறுப்பவர் மீதே எறியும். நீட்டுக்கு அறுக்கும்போதுதான் இது மிகுதி. அதைத் தடுக்கத்தான் வட்டுக்குப் பின்னால் அந்தத் தகடு நிற்கிறது. அதன் கனம் வட்டின் தகட்டைவிட அதிகமாகவும் ஈர்தடத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 2.4 மில்லிமீட்டர் வட்டு வாங்கிவிட்டு, பழைய 2.8 மில்லிமீட்டர் தகட்டை அப்படியே விட்டால் பலகை பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். கோபத்தில் தகட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள், அங்கேதான் ஆபத்து.

அந்தத் தகட்டுக்கு 'பிளவுக்கத்தி' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அது எதையும் பிளப்பதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. திறந்த தடம் மூடாமல் நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான். 'தடந்தாங்கி' என்று என் பட்டியலில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணா, உங்கள் மில்லில் ஆப்பு அடிக்கும் வழக்கம் உண்டல்லவா, பெரிய கட்டை அறுக்கும்போது வாய் மூடாமல் இருக்க? அந்த ஆப்புக்கு உங்கள் ஆள்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்க. தனிப்பெயர் ஏதாவது இருந்தால் என்னுடையதை அழித்துவிடுகிறேன்.