நாய்க்குச் சேர்த்த காசுக்குக் கணக்கு கேட்பது தப்பா?

வெள்ளவத்தைக்காரி: எங்கள் ஒழுங்கையில் கால் முறிந்த நாய் ஒன்றுக்கு ஒருவர் முகநூலில் காசு சேர்த்தார், நானும் 5,000 ரூபாய் போட்டேன். ஆபரேஷன் முடிந்துவிட்டதாம், ஆனால் பற்றுச்சீட்டைக் கேட்டால் “என்னை நம்பவில்லையா அக்கா?” என்கிறார். இப்போது அதே நாயின் படம் வேறொரு பக்கத்திலும் காசு கேட்டு நிற்கிறது.

பூனைவீட்டுக்காரன்: தப்பே இல்லை. நானும் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்விக்கக் காசு சேர்க்கிறவன்தான், மிருக வைத்தியரின் பில்லை அன்றைக்கே போட்டுவிடுவேன். மிஞ்சினதை அடுத்த பூனைக்கு எடுப்பதென்றாலும் சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். ஆனால் படத்தைத் திருடிக் காசு கேட்கிற கூட்டமும் இருக்கிறது, அதனால் அந்த இரண்டாவது பக்கம் அவருடையதுதானா என்று முதலில் பாருங்கள்.

தெஹிவளை மாமா: அமைப்பு என்று சொன்னால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், தன்னார்வ அமைப்புகளைப் பதிவு செய்ய இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. தனியாள் என்றால் காசை நேரே கிளினிக்கில் கட்டுங்கள் பிள்ளை.

வெள்ளவத்தைக்காரி: சரி, கிளினிக்கின் பெயரைக் கேட்டுப் பார்த்தேன். என்னை பிளாக் பண்ணிவிட்டார்.

பூனைவீட்டுக்காரன்: அப்போ ஸ்கிரீன்ஷாட்டும் வங்கிச் சிட்டையும் பத்திரம். நாய் இப்போது எங்கே?