வரைவு, பிரிவு 4: 'வேண்டும்' என்றால் கட்டாயமா?

செந்தூல்காரன்:
கோலாலம்பூர், பினாங்கு நூலகங்கள் தமிழ் நூல் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும் கோப்பு வடிவத்துக்கு வரைவு ஏற்றியாச்சு. பிரிவு 4: "தலைப்புகள் யூனிகோட் என்எஃப்சி வடிவில் இருக்க வேண்டும்." (யூனிகோட் என்பது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரநிலை; ஒரே எழுத்தைப் பல விதமாகக் குறிக்க முடிந்தால் அதை ஒரே விதமாக்குவது என்எஃப்சி.) முன்னுரையில், இணையத் தரநிலைகளில் 'மஸ்ட்' (must) மாதிரிச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஆர்எஃப்சி 2119 ஆவணத்தைக் காட்டி, 'மஸ்ட்' என்பதற்கு 'வேண்டும்' என்றும் போட்டாச்சு. இதுக்கு மேல என்ன விளக்கம் கேட்கிறீங்க?

பிறை_சோதனை:
அண்ணே, அதே வரைவில் "நூலகர் முதலில் கோப்பைத் திறக்க வேண்டும்" என்றும் இருக்கே. அது கையேட்டு வாசகம். எந்தச் செயலியை வைத்து அதைச் சோதிப்பது? ஆங்கிலத்திலும் இந்தத் தலைவலி இருந்தது. 2119 வந்தது 1997-இல். சின்ன எழுத்து 'மஸ்ட்'டும் விதியா என்ற கேள்விக்கு 2017-இல் ஆர்எஃப்சி 8174 பதில் சொன்னது: முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால்தான் அந்தச் சிறப்புப் பொருள். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது?

செந்தூல்காரன்:
தடித்த எழுத்தில் போட்டா முடிஞ்சது.

பிறை_சோதனை:
வெறும் உரைக் கோப்பாகச் சேமித்தால் தடிப்பு போச்சு. சொல்லையே தனியாக்குங்க: [கட்டாயம்], [பரிந்துரை], [விருப்பம்]. மலாய்ச் சட்டங்களில் 'ஹெண்டாக்லா' வந்தால் கட்டளை என்று தெரிகிற மாதிரி. எதிர்மறை இன்னும் மோசம். "சரிபார்க்க வேண்டியதில்லை" என்றால் விட்டுவிடலாம். "சரிபார்க்கக் கூடாது" என்றால் தடை. "சரிபார்க்க வேண்டாம்"? அது படிப்பவர் மனசைப் பொறுத்தது. அந்தச் சொல்லை வரைவிலிருந்தே எடுத்துடுங்க.

ஆயர்ஈத்தாம்:
சொல் இருக்கட்டும், விதி யாருக்கு? கோப்புக்கா, எழுதும் செயலிக்கா, படிக்கும் செயலிக்கா? 'கொடி'யை எடுத்துக்குங்க. 'கொ'வில் க-வுக்குப் பிறகு 0BCA என்ற யூனிகோட் எண் கொண்ட ஒரே குறி வரலாம். 0BC6, 0BBE என்று இரண்டு குறியும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் தேடலுக்கோ இரண்டும் வேறு சொல். என்எஃப்சி இரண்டையும் 0BCA ஆக்கிவிடும், சரி. ஆனால் மாற்றாத பழைய பட்டியல் வந்தால் படிக்கும் செயலி என்ன செய்யணும்? பிரிவு 4 வாயே திறக்கலை.

செந்தூல்காரன்:
தூக்கி எறியணும். ஏத்துக்கிட்டே போனா எழுதுறவன் திருந்தவே மாட்டான்.

ஆயர்ஈத்தாம்:
ஒரு பதிவுக்காக முழுப் பட்டியலும் போகுமே சார். இப்படிப் பிரிங்க: எழுதும் செயலி என்எஃப்சியில் எழுதுவது [கட்டாயம்]. படிக்கும் செயலி, மாறாத பதிவு வந்தால் அதை மாற்றிச் சேர்த்து, பதிவு எண்ணோடு எச்சரிக்கை தருவது [கட்டாயம்]. எச்சரிக்கை வந்ததா இல்லையா என்று சோதிக்கலாம். வரைவில் இன்னொரு இடத்தில் "கவனமாகக் கையாள வேண்டும்" என்று இருக்கு. கவனத்தை எதை வைத்து அளப்பது?

செந்தூல்காரன்:
அப்போ 'ஔவையார்'? ஒ-வுக்குப் பக்கத்தில் ள-வைத் தட்டி வைக்கிறாங்களே, அதைத் திருத்துவதும் கட்டாயம்தானே?

பிறை_சோதனை:
அங்கேதான் மாட்டிக்குவீங்க. ஔ-வைப் பிரித்தால் 0B92, 0BD7. பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் ள-வோ 0BB3. என்எஃப்சி அதைத் தொடாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஒ-ள-வையும் மாற்றினால் 'ஒளி' உடைந்துபோகும். அதனால் இது [பரிந்துரை]தான். எப்போது விலகலாம் என்பதையும் அங்கேயே எழுதணும்: "சொல்லை உறுதியாக அடையாளம் காண முடியாதபோது உள்ளபடியே விடலாம்." காரணம் சொல்லாத பரிந்துரையை ஒருத்தர் கட்டாயமாகவும் இன்னொருத்தர் விருப்பமாகவும்தான் படிப்பாங்க.

செந்தூல்காரன்:
சரி, பிரிவு 4-ஐ உடைக்கிறேன். ஆனா பழைய கோப்பை ஏத்துக்கணுங்கிறதை இன்னும் ஒத்துக்கலை.

ஆயர்ஈத்தாம்:
அப்போ வரைவோடு இரண்டு சோதனைக் கோப்பு வையுங்க. யூனிகோட் எண்களைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், 'கொடி' ஒன்றில் (0BCA வைத்தது) 12 பைட், இன்னொன்றில் (இரண்டு குறி வைத்தது) 15. இரண்டாவதை எறியணுமா சேர்க்கணுமா என்பதை அந்தக் கோப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்க, அங்கே வைத்துப் பேசலாம்.