புதுப்பிப்பு: தங்கச்சிக்கு ரோம் வரலாறு புக் கேட்டிருந்தேனே, வாங்கியாச்சு

காலேஜ் முதல் வருஷம் படிக்கிற தங்கச்சிக்கு, ரோம் பத்தி ஈஸியா புரியுற மாதிரி ஒரு புக் சொல்லுங்கனு போன மாசம் கேட்டிருந்தேன்ல, நிறைய பேர் சொன்ன வரலாற்று ஆய்வாளர் மேரி பியர்டோட எஸ்பிக்யூஆர் (SPQR) தான் வாங்கினோம், ரொம்ப நன்றிங்க. ரோமை உருவாக்கினதா சொல்ற ரோமுலஸ் கதைல ஆரம்பிக்காம நேரா கி.மு. 63க்குப் போயி ரோம் அரசியல்வாதிங்க சிசரோவும் கேட்டிலைனும் மோதிக்கிற இடத்துல இறங்குது, அங்கயே அவ மாட்டிக்கிட்டா, தட்டுல இட்லி காயுறது கூட தெரியாம படிச்சிட்டிருந்தா. கி.பி. 212ல ரோமப் பேரரசர் கராகல்லா, பேரரசுக்குள்ள இருந்த அடிமை அல்லாத எல்லாருக்கும் குடியுரிமை கொடுக்கிறதோட புக் முடியுது. பேருங்க குழம்புச்சுன்னா கடைசில இருக்கிற காலவரிசைய புரட்டிக்கிறா. போன்ல படிச்சா மேப் சரியா தெரியல, அதனால அச்சுப் புத்தகமாவே வாங்குங்க. அடுத்து கிரீஸ் வேணுமாம், சொல்லுங்களேன்!