புலால் உண்ணாத பையனுக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டி: எப்படி வந்திருக்கும்?

கேள்வி: தாய்மாமன், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

வணக்கம். என் அக்கா மகனுக்கு 19 வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான்; கல்லூரி விடுதியில் தங்கியிருக்கிறான். சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்தபோது முதலில் வலது கை மட்டும் இழுத்து, பிறகு உடல் முழுவதும் வலிப்பாகி, சில நிமிடங்கள் நினைவு தப்பிவிட்டது. இதற்கு முன் அவனுக்கு வலிப்பு வந்ததே இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரே ஒரு கட்டி தெரிந்தது. அதன் உள்ளே புள்ளி போன்ற ஒன்று காணப்படுவதால் அது நாடாப்புழுவின் இளம்பருவம் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். வலிப்பு மாத்திரையைத் தொடங்கிவிட்டார். கண் பரிசோதனை முடிந்த பிறகு புழுவுக்கான மருந்து என்றிருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் புலால் உண்பதில்லை. பன்றி இறைச்சி தின்றவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டதால், விடுதியில் அவன் எதைத் தின்றான் என்று பாட்டி முதல் சித்தப்பா வரை ஆளாளுக்குக் கேட்டுக் குடைகிறார்கள். அவன் தொட்டதே இல்லை என்கிறான். நான் அவனை நம்புகிறேன். முட்டைக்கோஸில் இருக்கும் பூச்சிதான் மூளைக்கு ஏறிவிட்டது என்று வேறொருவர் சொன்னதிலிருந்து அக்கா அந்தக் காயையே வாங்குவதில்லை. உண்மையில் இது எந்த வழியாக வருகிறது? அந்தப் புழு மூளைக்குள் வளர்ந்துகொண்டே போகுமா? அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்குமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் வீட்டுக்குப் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: நுண்ணுயிரியல் ஆசிரியை, அஸ்தம்பட்டி

ஐயா, முதலில் அந்தப் பையனைக் கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பன்றி இறைச்சி உண்பதால் வருவது ஒன்று. மூளையில் வருவது வேறொன்று. இரண்டுக்கும் காரணம் டீனியா சோலியம் என்ற ஒரே நாடாப்புழு என்பதால்தான் இந்தக் குழப்பம்.

பன்றியின் தசையில் இப்புழுவின் இளம்பருவம் நீர் நிறைந்த சிறு பைகளாக இருக்கும். சரியாக வேகாத இறைச்சியோடு அதை ஒருவர் விழுங்கினால், அது அவருடைய சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு சில மீட்டர் நீள நாடாப்புழுவாக வளர்கிறது. ஜெர்மானிய மருத்துவர் கூக்கன்மைஸ்டர் 1855ஆம் ஆண்டில், மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதிக்கு உணவில் கலந்து இப்பைகளைக் கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் குடலைத் திறந்து இளம் நாடாப்புழுக்களைக் கண்டறிந்தார். இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. ஆனாலும் இறைச்சிக்கும் குடற்புழுவுக்கும் உள்ள தொடர்பு அதன்மூலமே நிறுவப்பட்டது.

குடலில் புழுவைச் சுமப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. அவருடைய மலத்தோடு புழுவின் முதிர்ந்த துண்டுகள் வெளியேறுகின்றன. ஒரு துண்டுக்குள் மட்டும் பல்லாயிரம் முட்டைகள் இருக்கும். இந்த முட்டைகள் கழுவாத கையின் வழியாகவோ, நீரின் வழியாகவோ, பச்சையாகத் தின்னும் காய் கீரைகளின் வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போனால், அவருடைய குடலில் நாடாப்புழு வளர்வதில்லை. முட்டை பொரிந்து வெளிவரும் நுண்கரு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்த் தங்குகிறது. அதாவது, பன்றிக்கு என்ன நேர வேண்டுமோ அது மனிதருக்கு நேர்ந்துவிடுகிறது. ஆகவே மூளைக் கட்டி வந்தவர் பன்றி இறைச்சியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவராக இருக்கலாம்.

இதற்கு மறுக்க முடியாத சான்று ஒன்று நியூயார்க்கிலிருந்து கிடைத்தது. சமய விதிப்படி பன்றி இறைச்சியை அறவே தொடாத வைதீக யூதச் சமூகத்தைச் சேர்ந்த நால்வருக்கு வலிப்பு வந்து, மூளையில் இதே கட்டிகள் கண்டறியப்பட்டன. ஆராய்ந்தபோது, இந்நோய் பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து அவர்கள் வீடுகளில் வேலை செய்தவர்கள் வழியாக முட்டைகள் வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. 1992இல் வெளிவந்த இந்த ஆய்வை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்கிறேன். உங்கள் உறவினர்களுக்கும் தயங்காமல் சொல்லுங்கள்.

விடுதி உணவைக் குற்றம் சாட்டுவதற்கும் அவசரம் வேண்டாம். இந்தியாவில் பணியாற்றிவிட்டுப் பிரிட்டன் திரும்பிய படைவீரர்கள் பெரும்பான்மையாக இருந்த 450 நோயாளிகளின் வரலாற்றை டிக்சன், லிப்ஸ்கோம் என்ற இருவர் 1961இல் தொகுத்து வெளியிட்டனர். பிரிட்டனில் இத்தொற்று அரிதென்பதால், தொற்று நேர்ந்த காலத்தை ஓரளவு கணிக்க முடிந்தது. முட்டை உள்ளே போனதற்கும் முதல் வலிப்புக்கும் இடையே பெரும்பாலும் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. உங்கள் மருமகனுக்கும் அது பள்ளி நாள்களிலேயே உள்ளே போயிருக்கலாம்.

இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. உயிரோடு இருக்கும் வரை அந்தப் பை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலுக்குத் தன்னை மறைத்துக்கொள்கிறது. அது நலிந்து சாகத் தொடங்கும்போதுதான் உடல் அதை அந்நியப் பொருளாக உணர்ந்து தாக்குகிறது. அப்போது சுற்றியுள்ள மூளைத்திசு வீங்கி வலிப்பு வருகிறது. எனவே, புழு மூளைக்குள் மீட்டர் கணக்கில் வளரும் என்ற அச்சம் வேண்டாம். அந்த வளர்ச்சி குடலில் மட்டுமே நடக்கும். மருமகனுக்கு வந்திருப்பது அநேகமாக முடிந்துகொண்டிருக்கும் ஒரு பையின் கடைசிக் கட்டம்.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு பெரிய பங்கு இருக்கிறது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில் வலிப்பு நோயாளிகள் பலரிடம் இப்படி ஒற்றைச் சிறு கட்டி தெரிந்தது. நம் நாட்டில் காசநோய் மிகுதி என்பதால் அதைக் காசநோய்க் கட்டி என்றே கருதி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தனர். சில கட்டிகள் அந்த மருந்தே இல்லாமல் மறைந்தது புதிராக இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் சாண்டியும் ராஜசேகரும் அத்தகைய கட்டிகளைத் திசு ஆய்வுக்கு உட்படுத்தி, அவற்றில் பெரும்பாலானவை இந்தப் புழுவின் எச்சமே என்று 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் காட்டினர். கட்டி 20 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்து, மூளையழுத்தம் கூடியதற்கான அறிகுறிகளும் கடுமையான செயலிழப்பும் இல்லையென்றால் மண்டையைத் திறக்காமலே நோயை முடிவு செய்யலாம் என்ற வரையறையும் அவர்களுடைய பணியிலிருந்தே வந்தது. உங்கள் மருத்துவர் ஸ்கேனைப் பார்த்த உடனே அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசாமலிருந்ததற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

முட்டைக்கோஸ் பற்றி: இலைக்குள் கண்ணுக்குத் தெரியும் புழு ஒரு பூச்சியின் இளம்பருவம், அதற்கும் இந்நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேகவைத்த கோஸ் பொரியலால் ஆபத்து கிடையாது.

பதில் 2: கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ஏற்காடு

ஆசிரியை அம்மா சொன்னதோடு மலைப்பகுதி நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மனித மலம் திறந்த வெளியில் கிடக்கும் இடத்தில் பன்றி அவிழ்த்துவிடப்பட்டு மேய்ந்தால்தான் இந்தச் சுழற்சி நடக்கும். இரண்டில் ஒன்றைத் தடுத்தாலும் அது அறுந்துவிடும். சேர்வராயன் மலை போன்ற குளிர்ந்த, ஈரமான மண்ணில் முட்டைகள் வெயில் காயும் சமவெளியைவிட நீண்ட நாள் உயிரோடிருக்கும். சரிவில் உள்ள தோட்டங்களுக்கும் ஊற்றுகளுக்கும் மழைநீர் எதை அடித்துக்கொண்டு வருகிறது என்பதும் இங்கே முக்கியம். காபித் தோட்டத்து வேலையாட்களுக்கு வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே கழிப்பறை அமைய வேண்டும் என்று நான் பல காலமாகச் சொல்லி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பன்றி வளர்ப்பவர்கள் எளிய மக்கள். அவர்களைப் பழிப்பதால் ஒரு முட்டைகூடக் குறையாது.

பன்றிக்குத் தடுப்பூசி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் உருவான டி.எஸ்.ஓ.எல்.18 என்ற அந்தத் தடுப்பூசியை ஐதராபாத்திலுள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனமே தயாரிக்கிறது. பன்றியின் தசையில் ஏற்கெனவே இருக்கும் பைகளை ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற மருந்து ஒரே வேளையில் அழிக்கும். பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில் மனிதருக்கு மருந்து, பன்றிக்கு மருந்து, தடுப்பூசி ஆகியவற்றைப் படிப்படியாகச் சேர்த்துக் கொடுத்ததில், இறுதிக் கட்டத்தில் 107 ஊர்களில் 105இல் பரவல் நின்றதாக 2016இல் அறிவித்தார்கள். அங்கே முடிந்ததை நம் மலைகளில் முயன்று பார்க்கக் கூடாதா என்பது என் ஏக்கம்.

பதில் 3: நரம்பியல் பிரிவில் பணிபுரிந்த செவிலியர், சூரமங்கலம்

அண்ணா, மருந்து விஷயத்தில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கண்ணுக்குள் பை இருக்கும்போது புழுவுக்கான மருந்து கொடுத்தால், அது சாகும்போது எழும் அழற்சி பார்வையையே கெடுத்துவிடும். கண் பரிசோதனையை முதலில் முடிக்கச் சொன்னது அதனால்தான். அல்பெண்டசோலை வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு வாரம், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்துத் தருவார்கள். வெறும் வயிற்றில் போட்டால் அது உடலில் சரியாகச் சேராது; நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டோடு கொடுங்கள். பள்ளியில் கொடுக்கும் ஒற்றைப் பூச்சி மாத்திரையும் இதே அல்பெண்டசோல்தான் என்று எண்ணி, கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. சில மாதங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுக்கும்போது கட்டி முழுவதும் மறைந்திருந்தால் மாத்திரையை நிறுத்துவது பற்றி மருத்துவர் யோசிப்பார். சுண்ணாம்பு படிந்த தழும்பாக நின்றுவிட்டால் வலிப்பு திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதால் நீண்ட நாள் தொடரச் சொல்லலாம். அதுவரை அவன் இரு சக்கர வாகனம் ஓட்டக் கூடாது, தனியாகக் கிணற்றிலோ குளத்திலோ இறங்கக் கூடாது. நண்பர்களோடு ஏற்காட்டுக்குப் போக ஆசைப்பட்டால் பேருந்தில் போகட்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சாலையில் வண்டியின் கைப்பிடி அவன் கையில் இருக்கவே கூடாது.

தாய்மாமன், செவ்வாய்ப்பேட்டை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை எழுதியதை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். பாட்டி பேரனை அருகில் அழைத்துத் தலையைத் தடவிக் கொடுத்தார். ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. முட்டைகளைக் கழிப்பவர் எங்கள் வீட்டிலேயோ, எங்களுக்குச் சமைத்துத் தருபவர்களிலோ இன்னும் இருக்கக்கூடுமா? அதைச் சோதிக்க வழி உண்டா?

நுண்ணுயிரியல் ஆசிரியை, அஸ்தம்பட்டி

இருக்கக்கூடும், சோதித்துவிடுவதே நல்லது. வீட்டில் இருக்கும் அனைவரும், சமையலில் உதவுபவர் இருந்தால் அவரும், மூன்று வெவ்வேறு நாள்களில் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முட்டைகள் தினமும் ஒரே அளவில் வெளிவருவதில்லை என்பதால் ஒரு நாள் சோதனையை நம்ப முடியாது. சமையலில் உதவுபவரிடம் மட்டும் தனியாகக் கேட்டால் அவர் மனம் புண்படும். எல்லோரும் செய்துகொள்கிறோம் என்று சொல்லி, செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மலத்தில் வெள்ளையாக, தட்டையாக, நாடாத் துண்டு போல எதையாவது யாராவது கண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

மாட்டிறைச்சி வழியாக வரும் நாடாப்புழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் இதைப் போலவே தெரியும். ஆகவே டீனியா முட்டை என்று அறிக்கை வந்தால், எந்த இனம் என்ற ஆராய்ச்சியில் நாளைக் கடத்தாமல் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு நிக்லோசமைடு என்ற மருந்து ஒரு வேளை போதும். அது குடலிலிருந்து இரத்தத்தில் அநேகமாகச் சேர்வதில்லை. எனவே அந்த நபரின் மூளையில் அவருக்கே தெரியாமல் ஒரு பை இருந்தாலும், அதைக் கிளறி வலிப்பை வரவழைக்காது.