2018 தமிழ்ப் படங்களில் சிறந்த நடிகை: பாலாய்ராயா கலந்துரையாடலுக்கு யோசனை வேண்டும்

பகாவ் மல்லிகா:
வணக்கம். எங்கள் தோட்டத்து மாதர் பிரிவு ஒரு சனிக்கிழமை இரவு பாலாய்ராயாவில் (ஊர்ப் பொது மண்டபம்) சினிமா பேச உட்காரப் போகிறது. தலைப்பு, 2018-இல் வந்த படங்களில் சிறந்த நடிகை. படத்தை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும், மண்டபத்தில் பேச்சு மட்டும்தான். ரப்பர் பால்வெட்டுக்கும் ஃபேக்டரி ஷிப்ட்டுக்கும் போகிறவர்கள் என்பதால் ஐந்தாறு படத்துக்கு மேல் தாங்காது. '96' திரிஷா, 'கனா' ஐஸ்வர்யா ராஜேஷ், 'நடிகையர் திலகம்' கீர்த்தி சுரேஷ் மூவரையும் எழுதி வைத்திருக்கிறேன். வேறு யாரைச் சேர்க்கலாம்? "எனக்கு அவங்களப் பிடிக்கும்" என்பதோடு பேச்சு நின்றுவிடாமல் இருக்க என்ன செய்வது? இன்னொரு சந்தேகம்: '96'-இல் திரிஷாவுக்குக் குரல் கொடுத்தவர் சின்மயி. அப்படியிருக்க திரிஷாவுக்கு முழு மதிப்பெண் போடலாமா?

சிப்புட் வாசகன்:
குரல் விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள் அக்கா, இல்லையென்றால் அன்றைக்கு இரவு முழுக்க அதே சண்டைதான். '96'-இல் இரண்டு காட்சிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று, பழைய காதலன் ராமின் வீட்டில் மின்சாரம் போனதும் ஜானு (திரிஷா) 'யமுனை ஆற்றிலே' பாடுவது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கேட்டுக் கேட்டுப் பாடாத பாட்டு. இருட்டில் முகம் சரியாகத் தெரியாது, காட்சியைத் தூக்கி நிறுத்துவது குரல். அதில் பாதிக்கு மேல் சின்மயிக்குச் சேர வேண்டியது, அதைத் தயங்காமல் சொல்லலாம். அடுத்தது, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காரின் கியர் மேல் இருக்கும் ராமின் கை மேல் ஜானு தன் கையை வைப்பது. அங்கே பேச்சுக்கு வேலையே இல்லை. அது முழுக்க திரிஷா.

நடுவில் இன்னொரு காட்சி இருக்கிறது: தன்னைத் தேடி அவன் கல்லூரிக்கே வந்ததும், வந்தது யாரென்று தெரியாமல் தானே திருப்பி அனுப்பியதும் ஜானுவுக்குத் தெரியவருவது. அதை முதலில் சத்தத்தை அடைத்துப் பாருங்கள், பிறகு சத்தத்தோடு. அடைத்துப் பார்க்கும்போதும் நெஞ்சில் ஏறினால் நடிகைக்கு மதிப்பெண் போடுங்கள். இந்தச் சோதனையை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. என் கணக்கில் திரிஷா இதில் தாராளமாகத் தேறுகிறார்.

லூனாஸ் தமிழரசி:
மல்லிகா, உன் பட்டியலில் மூன்று பேர் விட்டுப்போய்விட்டார்கள்.

'பரியேறும் பெருமாள்' ஆனந்தி. ஜோ என்ற அந்தப் பெண்ணுக்குப் படம் முடியும்வரை எதுவுமே தெரியாது. அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கதாநாயகன் பரியனை அவள் சொந்தக்காரர்களே அடித்து அசிங்கப்படுத்துகிறார்கள். பார்க்கிற நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பிறகு பரியன் ஏன் விலகுகிறான் என்று அவள் கேட்கும்போது அந்த முகத்தில் ஒரு துளி சந்தேகம் தட்டினால்கூடப் படம் சரிந்துவிடும். தெரியாததைத் தெரியாதபடியே கடைசிவரை வைத்திருப்பது லேசான வேலை இல்லை. 'அந்தப் பொண்ணு சும்மா சிரிச்சிக்கிட்டுத்தான் இருக்கு' என்று யாராவது சொல்வார்கள். இதை எடுத்துச் சொல்.

'வடசென்னை' ஆண்ட்ரியா. புருஷன் ராஜனைக் கூட இருந்தவர்களே கொன்றபின் சந்திரா (ஆண்ட்ரியா) அவர்களில் ஒருவனான செந்திலுக்கே மனைவியாகி, பழியை மனசுக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறாள். ஒரு தடவை பார்த்தால் பாதிதான் பிடிபடும். முடிவு தெரிந்தபின் திரும்பப் போய், சந்திரா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கிற காட்சிகளை மட்டும் பார்க்கவேண்டும். ஆனால் இந்தியத் தணிக்கையில் 'ஏ' வாங்கிய படம், ரத்தமும் கெட்ட வார்த்தையும் உண்டு. பிள்ளைகள் தூங்கியபின் பார்க்கச் சொல்.

மூன்றாவது 'மேற்குத் தொடர்ச்சி மலை', காயத்ரி கிருஷ்ணா. இது உங்கள் தோட்டத்துக்கென்றே வைத்த மாதிரி படம். ஏலக்காய் மலையில் சுமை தூக்குகிற ரெங்கசாமி, ஒரு துண்டு நிலம் வாங்கத் துடிக்கிறான், அவன் மனைவி ஈஸ்வரி. பெரிய வசனம் இல்லை, அழுது புரளும் காட்சி இல்லை. குனிகிறது, சுமையை இறக்குகிறது, வேலைக்கு நடுவில் புருஷனைத் திரும்பிப் பார்க்கிறது, இதுதான் நடிப்பு. பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) நின்று, நெரை (மர வரிசை) பிடித்து வேலை செய்த அம்மாக்கள் உங்களிடம் இருப்பார்கள். அந்த உடம்பு நிஜமா பொய்யா என்று எந்த விமர்சகரையும்விட அவர்களுக்குத் தெரியும். முதலில் அவர்களைப் பேச விடு.

தெலுக் இந்தான் குமரன்:
கீர்த்தி சுரேஷ் பற்றி ஒரு தெளிவு. அவருக்குத் தேசிய விருது கிடைத்தது தெலுங்கு 'மகாநடி'க்கு. அது 2018 மே 9-இல் வந்தது, தமிழில் 'நடிகையர் திலகம்' மே 11-இல். பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் இன்னொன்றையும் பார்த்துவிட்டு வந்தால் குரலைப் பற்றிய பேச்சு குழம்பும். எல்லாரும் தமிழையே பார்க்கட்டும்.

நடிகை சாவித்திரியின் வாழ்க்கையைச் சொல்கிற இந்தப் படத்தில் வழக்கமாக நடக்கிற தப்பு, சாவித்திரி மாதிரி இருக்கிறாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவது. அதில் பாதி மேக்கப்பும் உடையும் செய்த வேலை. 1957 'மாயா பஜார்' பாட்டை முதலில் பாருங்கள்: கடோத்கஜன் வத்சலாவாக உருமாறி ஆடுகிற இடம். எஸ். வி. ரங்காராவின் மிடுக்கைச் சாவித்திரி தன் உடம்பில் ஏற்றிக்கொள்கிறார். அந்தச் சாவித்திரியைக் கீர்த்தி ஏற்றிக்கொள்கிறார். தோள், புருவம், நடை மூன்றையும் ஒப்பிடுங்கள். இது பார்த்துச் செய்யக்கூடிய பகுதி, திறமைதான், ஆனாலும் பார்த்துச் செய்தது. குடியும் தனிமையும் வரும் பின்பாதிக்கு முன்மாதிரி எந்தப் படத்திலும் கிடையாது. உண்மையான மதிப்பெண்ணை அங்கே போடுங்கள்.

'கனா'வில் சிக்கல் வேறு. கடைசி கிரிக்கெட் ஆட்டத்தின் பரபரப்பில் எல்லாரும் கைதட்டி ஓட்டுப் போட்டுவிடுவார்கள். ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு, சத்யராஜோடு ஐஸ்வர்யா இருக்கும் வீட்டுக் காட்சிகளை எடுங்கள். கடனில் நசுங்குகிற அப்பாவை மகள் எப்படிப் பார்க்கிறாள்? பந்துவீச்சுக்கும் ஒரு கண் வேண்டும்: ஓடிவந்து பந்தை விடும்வரை முகமும் கையும் ஒரே ஷாட்டில் வருகிற இடங்களை மட்டும் கணக்கில் எடுங்கள். வெட்டி ஒட்டிய ஷாட்டில் எடிட்டருக்குத்தான் பெயர்.

பகாவ் மல்லிகா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆறு படமும் வைத்துக்கொள்கிறோம். ஓட்டை எப்படி எடுப்பது? கையைத் தூக்கச் சொன்னால் முதலில் தூக்குகிறவரைப் பார்த்தே மற்றவர்களும் தூக்குகிறார்கள்.

சிப்புட் வாசகன்:
பேச்சு தொடங்குமுன் ஆளுக்கு ஓர் அரைத்தாள் கொடுங்கள். நடிகை பெயர், ஒரே ஒரு காட்சி, அந்தக் காட்சியில் அவர் செய்த ஒரு செயல், இவ்வளவுதான் எழுதவேண்டும். 'நல்லா அழுதாங்க' என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து வேறு எழுதச் சொல்லுங்கள். பத்து மதிப்பெண்ணில் உடம்புக்கு 4, மற்றவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கும் முகத்துக்கு 4, குரலுக்கு 2. இரவல் குரல் என்றால் அந்த 2 கிடையாது, மீதி 8-ஐ வைத்துப் பத்துக்குக் கணக்குப் போட்டால் போதும். தாளை வாங்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். பேசி முடித்தபின் மனசு மாறினவர்கள் அதே தாளின் பின்பக்கம் எழுதலாம், இரண்டு எண்ணையும் வாசித்துவிடுங்கள்.

டிவியில் வெட்டிப் போட்டதை மட்டும் பார்த்தவர்கள் தாளின் மூலையில் 'டிவி' என்று குறிக்கட்டும். பேசாமல் நிற்கிற காட்சிகள்தான் முதலில் வெட்டுப்படும், ஈஸ்வரிக்கும் சந்திராவுக்கும் அதில் நட்டம் அதிகம்.