புதுப்பிப்பு: மூன்றாவது சிலிண்டரின் சூடு இறங்கிவிட்டது

நானே கட்டிய இரண்டு இருக்கை விமானம் மேலேறும்போது மூன்றாவது சிலிண்டரின் தலை மட்டும் 430 டிகிரி ஃபாரன்ஹீட் தொடுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். கோளாறு சென்சாரிலா என்று பார்க்க, அதை வேறு சிலிண்டரின் சென்சாரோடு மாற்றிப் போடச் சொன்னீர்கள். மாற்றினேன்; சூடு அதே சிலிண்டரில்தான் நின்றது.

காரணம் பேஃபிள் தகடு, அதாவது குளிர்க்கும் காற்றைச் சிலிண்டரைச் சுற்றித் திருப்பிவிடும் தகடு. என் லைக்கமிங் ஓ-320 இன்ஜினில் மூன்றாவது சிலிண்டரின் பின்பக்க ஃபின்கள் (சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் உலோக மடிப்புகள்) ஆழம் குறைந்தவை. நான் தகட்டை அவற்றோடு ஒட்ட இறுக்கியிருந்தேன், காற்று கீழே இறங்க வழியே இல்லை. நடுவில் வாஷர் வைத்து இடைவெளி விட்டேன். அப்புறம் இருட்டில் டார்ச் அடித்து, வெளிச்சம் கசிந்த ஓரமெல்லாம் காற்றும் கசியாதபடி சூடு தாங்கும் சிலிக்கோன் பசை பூசினேன்.

நேற்று அதே ஏற்றத்தில் 395. இறங்கியதும் கண் கலங்கிவிட்டது. சரி, கடும் வெயில் நாளில் ஒருமுறை பறந்துவிட்டு எழுதுகிறேன்.