நம்ம வீடு குழு: ரேக் சொட்டுகிற நேரம்

வியாழன் இரவு

நான்: மாமா, ஒரு யோசனை வேண்டும். எங்கள் பிளேட்டிங் (முலாம் பூசும்) யூனிட் கழிவுநீரில் நிக்கல் மறுபடியும் அளவைத் தாண்டிவிட்டது. அலசுகிற தண்ணீரைக் கூட்டித் திறந்துவிடச் சொல்கிறார்கள்.

மாமா: வேண்டாம் மாப்பிள்ளை. தண்ணீரைக் கூட்டினால் ரிப்போர்ட்டில் எண் குறையும், வெளியே போகிற நிக்கல் ஒரு கிராம்கூடக் குறையாது. பொருள்களை மாட்டி முக்குகிற சட்டம் இருக்கிறதே, அந்த ரேக்கை நிக்கல் தொட்டியிலிருந்து தூக்கியதும் எத்தனை விநாடி மேலே நிறுத்துகிறார்கள்?

நான்: எண்ணிப் பார்த்ததில்லை. நாளை சொல்கிறேன்.

வெள்ளி மாலை

நான்: 3 விநாடிதான் மாமா. தொட்டிக்கும் அலசு தொட்டிக்கும் நடுவே தரையெல்லாம் பச்சைச் சொட்டு. குழாய்த் துண்டுகளை வாய் மேலே பார்க்க மாட்டியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் கிண்ணம் மாதிரி கரைசலை அள்ளிக்கொண்டு போகிறது.

மாமா: அதுதான் விஷயம். அந்தக் கரைசலில் லிட்டருக்கு 60, 70 கிராம் நிக்கல் இருக்கும். காசு கொடுத்து வாங்கியதை அலசு தண்ணீரில் விட்டு, அப்புறம் சுண்ணாம்பு போட்டுக் கசடாக இறக்கி மூட்டை கட்டுகிறீர்கள். குழாயைச் சாய்த்து மாட்டு, வாய் கீழே வடியட்டும். முழுக்கக் கவிழ்க்காதே, காற்று அடைத்துக்கொண்டால் உள்ளே முலாம் ஏறாது. தொட்டிக்கு மேலே ஒரு கம்பி கட்டு. ரேக்கை அதில் தொங்கவிட்டு அடுத்ததை எடுக்கட்டும், 15 விநாடி தானாகக் கிடைக்கும். ஆட்களைத் திட்டாதே, அந்தக் கனத்தை 15 விநாடி கையில் பிடிக்க யாராலும் முடியாது.

அக்கா: தம்பி, அலசு தொட்டி ஒன்றா, இரண்டா?

நான்: ஒன்றுதான் அக்கா.

அக்கா: அப்படியானால் கணக்கைப் பார். ஒட்டி வருகிற 1 லிட்டர் கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்க ஒரே தொட்டியில் 1000 லிட்டர் வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, நல்ல தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு முதலாவதுக்கு வழியவிட்டால் சுமார் 32 லிட்டர் போதும். மூன்று வைத்தால் 10.

நான்: 1000 எங்கே, 32 எங்கே!

மாமா: அவள் சொல்வது சரி. அதற்கும் முன்னால் தண்ணீர் ஓடாத தொட்டி ஒன்று வை. நிக்கல் தொட்டி 55 டிகிரிச் சூட்டில் ஆவியாகிக் குறையும் அல்லவா, அதை இந்தத் தண்ணீரால் நிரப்பு. ஆனால் அழுக்கும் கூடவே திரும்பும். பில்டரையும் அழுக்கை உறிஞ்சுகிற கார்பனையும் கவனிக்காவிட்டால் முலாமில் புள்ளி விழும்.

அம்மா: குரோமியம் பொல்லாதது என்கிறார்களே, நீ அந்தப் பக்கம் போகிறாயா?

நான்: போகிறேன் அம்மா, முகமூடி போட்டுத்தான்.

மாமா: உன் அம்மா கேட்பது நியாயம். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும். குரோமியத் தொட்டியில் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட முலாமாகாது, பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழாகி அமிலத்தைத் தூக்கிக்கொண்டு காற்றில் வரும். முகமூடி மட்டும் போதாது, தொட்டி விளிம்பில் காற்றை உறிஞ்சுகிற கருவி ஓடுகிறதா என்று தினமும் பார். அழகுக்குப் பூசுகிற வேலை என்றால் மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறலாம் என்று முதலாளியிடம் சொல்.

அடுத்த வெள்ளி மாலை

நான்: கம்பி கட்டியாயிற்று மாமா. மதியத்துக்குள் கரும்பச்சையாகிவிடும் அலசு தண்ணீர், இன்று மாலை வரை அடி தெரிந்தது. இரண்டாவது தொட்டிக்கு முதலாளி சரி சொல்லிவிட்டார்.

மாமா: நல்லது. வழிகிற குழாயை எந்த உயரத்தில் வைக்கிறாய் என்று படம் வரைந்து அனுப்பு.